திறவாத பதிவேடு



இந்த வாரம் என் தவறு ஒன்றைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். கணினி சார்ந்த சில பெயர்கள் இடையிடையே வரும். அத்துறையில் நான் கற்றவனல்லன். இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் கற்றேனேயன்றி இதைக் கற்கவில்லை. எனவே நான் விளங்கிக்கொண்ட அளவில் எளிமையாகவே சொல்கிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

சில வாரங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், எழுபது வயதைக் கடந்த தாயார் ஒருவர் தம் மகனோடு ஆலய அலுவலகத்துக்கு வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்த்துவரக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும். ஆதார் அட்டையில் ஒரு பிறந்த ஆண்டும், பள்ளிச் சான்றிதழில் வேறோர் ஆண்டும் இருக்கின்றன. “ஐயா, இந்தக் கோயில்லதான் எனக்கு ஞானஸ்நானம் ஆச்சு. அந்தப் பதிவு ஒண்ணு எழுதிக் கொடுத்தீங்கன்னா போதும்” என்றார். பத்து நிமிடத்தில் ஆகிவிடும் என்று சொல்லி அவரை அமரச் செய்தேன்.

அவருடைய காலத்து ஞானஸ்நானப் பதிவேடு இப்போது இல்லை. கரையான் அரித்துவிட்டது. முற்றிலும் உதிர்ந்துபோகும் முன்பே, 2007இல், சபையின் வாலிபர் ஒருவர் மாலை நேரங்களில் வந்து அமர்ந்து அதன் ஒவ்வொரு வரியையும் கணினியில் ஏற்றினார். பெயரைத் தேடி எடுப்பதற்கு ஒரு சிறிய நிரலையும் அவரே எழுதித் தந்தார். விலை கொடுத்து மென்பொருள் வாங்கும் வசதி சபைக்கு அப்போது இல்லாததால், கணினியில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவினார். அந்த நிரலின் துணையோடு எத்தனையோ பேருக்குச் சான்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அன்று அது திறக்கவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வந்தது: தேவையான நூலகம் காணப்படவில்லை. பதிவுக் கோப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, அளவும் குறையவில்லை. அதை வாசிக்கத்தான் அக்கணினியில் எதுவும் இல்லை. அந்தத் தாயாரிடம் நாளை வாருங்கள் என்றேன். அவர் எழுந்து சென்றபோது என் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது. ஏனென்றால், இப்படி ஆகும் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

சொன்னவர் அந்த நிரலை எழுதிய தம்பியேதான். இப்போது நாற்பதைத் தாண்டி, வெளிநாட்டில் பணிபுரிகிறார். ஒருநாள் தொலைபேசியில், “ஐயா, நம்ம பதிவேடு ஒரு பழைய நூலகத்தை நம்பி இருக்கு. அதை எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டு வர்றாங்க. லீவுல வரும்போது மாத்திக் கொடுத்துடுறேன். அதுவரைக்கும் கம்ப்யூட்டரைப் புதுசா மாத்திடாதீங்க” என்றார். நான் சிரித்துக்கொண்டே, நன்றாகத்தானே ஓடுகிறது தம்பி என்றேன். அவர் விடுமுறையில் வந்தபோது பண்டிகைக் காலம். நான் நினைவூட்டவில்லை. அவரும் கூச்சத்தால் மறுபடி கேட்கவில்லை. இவ்வாண்டு அலுவலகக் கணினி அடிக்கடி நின்றுபோனதால், இன்னோர் இளைஞர் நல்ல மனதோடு புதிய வன்தட்டு ஒன்றை வாங்கிப் பொருத்தி, இயங்குதளத்தின் புதிய பதிப்பை நிறுவி, எல்லாக் கோப்புகளையும் நகலெடுத்து வைத்தார். அவரிடம் எச்சரிக்கையைச் சொல்லவேண்டிய நான் சொல்லவில்லை.

அன்று இரவு தம்பியை அழைத்தேன். முதலில் எனக்குள் இருந்தது வருத்தம்கூட அல்ல, கோபம். ஓடிக்கொண்டிருப்பதை எடுத்தெறிய இவர்கள் யார் என்று கேட்டேன். அவர் அமைதியாக அந்த நூலகத்தின் கதையைச் சொன்னார். பின்னர் நானும் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் கோபம் என்னை நோக்கியே திரும்பிற்று.

கணினித் துறையில் நூலகம் என்றால் புத்தகங்கள் அடுக்கிய அறை அல்ல; பல நிரல்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் ஒரு கருவித் தொகுப்பு. அசனப் பண்டிகைக்குச் சோறு வடிக்கும் பெரிய அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஓர் அண்டா எவரும் வாங்கி வைப்பதில்லை. ஆலயத்தில் ஒன்று இருக்கிறது; திருமணமானாலும் துக்கமானாலும் எல்லாரும் அதைத்தான் எடுத்துச் செல்கிறார்கள். யார் யாருக்கு அது தேவை என்பது, ஒருநாள் அது இல்லாமற்போகும்போதுதான் தெரியும்.

எங்கள் நிரல் நம்பியிருந்த அண்டாவின் பெயர் பெர்க்லி டிபி. அது செய்யும் வேலை மிக எளியது: ஓர் அடையாளத்தைக் கொடுத்தால் அதற்குரிய தகவலை விரைவாக எடுத்துத் தரும், புதிய தகவல் வந்தால் அதற்குரிய இடத்தில் வைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பிறந்ததால் அந்தப் பெயர். அங்கே யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஒரு கிளையை வளர்த்துவந்தவர்கள், ஏடி அண்டு டி நிறுவனத்தின் உரிமத்துக்கு உட்பட்ட பகுதிகளை ஒவ்வொன்றாக நீக்கி, எவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க புதிய பகுதிகளை எழுத முனைந்தார்கள். கென் தாம்சன் 1979இல் எழுதிய டிபிஎம் என்ற பழைய நூலகத்தின் வழிவந்தவற்றுக்கு மாற்றாக இது எழுதப்பட்டது. கீத் பாஸ்டிக், மார்கோ செல்ட்சர், மைக் ஓல்சன் ஆகியோர் இதன் தொடக்கக் காலத்தோடு இணைத்துப் பேசப்படும் பெயர்கள். பாஸ்டிக்கும் செல்ட்சரும் 1996இல் ஸ்லீப்பிகேட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி அதைப் பேணி வளர்த்தார்கள். மின்னஞ்சல் வழங்கிகள், முகவரிக் கோப்பகங்கள், பெர்ல், பைத்தான் போன்ற நிரல்மொழிகள் என்று அதை நம்பியவை பெருகின.

இவற்றுள் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. ஃபெடோரா, ரெட் ஹேட் முதலிய லினக்ஸ் வகைகளில் ஆர்பிஎம் என்றொரு நிர்வாகக் கருவி உண்டு. கணினியில் எந்தெந்த மென்பொருள்கள் நிறுவப்பட்டிருக்கின்றன, அவற்றின் கோப்புகள் எவை என்பதையெல்லாம் அது ஒரு பட்டியலில் வைத்திருக்கும். நம் சபையின் அங்கத்தினர் பட்டியல் போன்றதுதான். அந்தப் பட்டியலும் பல்லாண்டுகள் பெர்க்லி டிபியில்தான் இருந்தது. அதாவது, எங்கள் சிற்றாலயத்தின் பதிவேடும், உலகெங்கும் ஓடிய எத்தனையோ கணினிகளின் பதிவேடும் ஒரே அண்டாவில் வெந்தன.

2006இல் ஸ்லீப்பிகேட்டை ஆரக்கிள் நிறுவனம் வாங்கியது. 2013இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து அந்த நூலகத்தின் திறந்த உரிமம் ஏஜிபிஎல் என்னும் கடுமையான உரிமமாக மாறிற்று. அதைச் சேர்த்துக்கொள்ளும் நிரல்களும் அந்நிபந்தனைகளுக்கு உட்பட நேரும். பலவகை உரிமங்களில் வெளிவரும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களை ஒன்றாகத் திரட்டித் தரும் இயங்குதளங்களுக்கு அது பொருந்தவில்லை. ஆகவே ரெட் ஹேட், ஃபெடோரா, டெபியன் எல்லாமே பழைய 5.3ஆம் பதிப்போடு நின்றுகொண்டன. அன்பானவர்களே, இதை வாசித்தபோது நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓர் உரிமத்தின் பிடியிலிருந்து விடுபடுவதற்காகப் பிறந்த ஒன்று, இறுதியில் ஓர் உரிமத்தினாலேயே தனித்து விடப்பட்டது. 

ஆனாலும் அது நின்றுவிட்டது. அதன்பின் ஒரு குறை தெரிந்தால், பழைய பதிப்பைத் திருத்தித் தர அதைப் படைத்தவர்களின் வழி வந்தோர் எவரும் இல்லை. இயங்குதளத்தைப் பேணுவோர் தாங்களே ஒட்டுப்போட்டுக் காக்க வேண்டும். நேற்றும் இன்றும் ஓடுவதனால் அது ஆரோக்கியமாயிருக்கிறது என்று பொருளாகாது. நன்றாகத்தானே ஓடுகிறது என்று நான் சொன்ன வார்த்தையில் இருந்த அறியாமை இதுதான். பராமரிப்பார் இல்லாத பாலமும், விழுகிற நாள்வரை நன்றாகத்தான் நிற்கும்.

அதை விலக்கியவர்கள் எப்படி விலக்கினார்கள் என்று பார்த்தபோதுதான் என் கோபம் முழுவதுமாகத் தணிந்தது. 2020 அக்டோபரில் வெளிவந்த ஃபெடோரா 33இல் ஆர்பிஎம்மின் பட்டியல் பெர்க்லி டிபியிலிருந்து எஸ்கியூலைட் என்ற வேறொரு நூலகத்துக்கு மாற்றப்பட்டது. எஸ்கியூலைட்டை ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000இல் தொடங்கினார். அது எவருடைய உரிமத்துக்கும் உட்படாமல் பொதுவுடைமையாக விடப்பட்டது. 2050ஆம் ஆண்டு வரையிலும் அதைப் பேணுவதே தங்கள் நோக்கம் என்று அதன் ஆக்கியோர் வெளிப்படையாக அறிவித்திருக்கிறார்கள். முகவரிக் கோப்பகங்களுக்கான ஓப்பன்எல்டாப் என்ற மென்பொருள் தன் சொந்த வட்டத்தில் உருவான எல்எம்டிபி என்ற நூலகத்துக்கு மாறி, 2021இல் பெர்க்லி டிபியைக் கைவிட்டது. 2022இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9, அந்த நூலகத்தை இன்னும் வைத்திருந்தது. ஆனால் இது விலக்கப்படப்போகிறது, இனி வரும் பெரும் பதிப்புகளில் இல்லாமற்போகலாம் என்று எழுத்தில் அறிவித்தது. அறிவித்தபடியே 2025இல் வந்த பத்தாம் பதிப்பில் அது இல்லை.

அறிவிப்புக்கும் நீக்கத்துக்கும் இடையில் மூன்று ஆண்டுகள். தம்பி எனக்குச் சொன்னதும் நான் காலந்தாழ்த்தியதும் ஏறத்தாழ அதே அளவுதான். எவரும் எங்களை அறியாமையில் தள்ளிவிட்டு வஞ்சிக்கவில்லை. அவகாசம் கொடுக்கப்பட்டது, அதை வீணாக்கியவன் நான்.

இன்னொரு செயலையும் குறிப்பிட வேண்டும். ஆர்பிஎம்மைப் பேணுவோர் பழைய நூலகத்தை விட்டு விலகியபோது, பழைய பட்டியலை வாசிக்க மட்டும் தெரிந்த ஒரு சிறு பகுதியைத் தாங்களே எழுதிச் சேர்த்தார்கள். அதனால் பழைய கோப்பில் ஒன்றும் எழுத முடியாது. அதற்குப் பெர்க்லி டிபியும் தேவையில்லை. பழைய கோப்போடு எவரேனும் பிந்தி வந்தால், அதிலுள்ளதைப் படித்துப் புதிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும். அவ்வளவுதான் அதன் பணி. பாத்திரத்தை மாற்றிய அவர்கள் அதிலிருந்த அன்னத்தைக் கொட்டிவிடவில்லை. பழையதை விலக்குவதில் இத்தனை பரிவு இருக்க முடியும் என்பதை நான் ஓர் ஆலோசனைக் கூட்டத்திலும் கற்றதில்லை. ஒரு கணினிக் கருவியின் வரலாற்றில் கற்றேன்.

சரி, எங்கள் பதிவேடு என்னாயிற்று? தம்பி கேட்ட முதல் கேள்வி, “பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுட்டீங்களா ஐயா?” என்பது. நல்லவேளையாக அது அலமாரியில், பழைய இரும்புக்குப் போடுவதற்காகக் கட்டிவைத்த சாமான்களோடு இருந்தது. பழைய நூலகத்தை வேறொரு கணினியில் நிறுவியும் திறக்கலாம். இருந்தாலும் எல்லாம் ஒன்றாக ஓடிய இடத்திலேயே திறப்பதுதான் பத்திரம் என்றார். மறுநாள் காலை, புதிய தட்டைப் பொருத்திய அதே இளைஞர் பழையதை மீண்டும் பொருத்தினார். தம்பி அங்கிருந்து சொல்லச்சொல்ல, இவர் இங்கே தட்டச்சு செய்தார். பெர்க்லி டிபியோடு கூடவே வரும் ஒரு சிறு கருவி உண்டு. கோப்பில் உள்ள எல்லாவற்றையும் வெறும் எழுத்துகளாக வெளியே கொட்டித் தரும். அதை இயக்கியதும் திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கின. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் அங்கேயும் ஒரு தடை வந்தது. ஒவ்வொரு பதிவிலும் ஏழெட்டுத் துண்டுகள் வரிசையாக இருந்தன. எது தகப்பன் பெயர், எது ஞானத்தகப்பன் பெயர்? எது பிறந்த நாள், எது ஞானஸ்நானம் பெற்ற நாள்? கோப்பு அதைச் சொல்லவில்லை. தம்பி விளக்கினார்: அந்த நூலகம் தனக்குள் வைக்கப்படுவது இன்னதென்று அறியாது, கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்திருந்து திருப்பித் தரும். பொருள் என்ன என்பது நிரலை எழுதியவரின் மனதில்தான் இருந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அவருக்கே அது முழுதாக நினைவில் இல்லை. பழைய நிரலை வரி வரியாகப் படித்து, மூன்றாவது துண்டு தகப்பன் பெயர், ஆறாவது துண்டு ஞானத்தகப்பன் பெயர் என்று குறித்துக்கொண்டபின்தான் அனைத்தையும் எஸ்கியூலைட்டுக்கு மாற்ற முடிந்தது. மாலை நான்கு மணியாயிற்று.

அப்போது நெகேமியாவின் புத்தகத்தில் எட்டாம் அதிகாரத்து நிகழ்ச்சி என் நினைவுக்கு வந்தது. சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஜனங்கள் தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில் கூடிநிற்க, எஸ்றா நியாயப்பிரமாணப் புத்தகத்தைத் திறந்து வாசிக்கிறார். லேவியர்கள் ஜனங்களுக்கு அர்த்தத்தை விளங்கப்பண்ணுகிறார்கள். புத்தகம் மட்டும் தப்பியிருந்தால் போதாது. வாசிக்க ஒருவரும், விளக்க ஒருவரும் வேண்டும். அந்த ஜனங்கள் அன்று அழுதார்கள் என்று வேதம் சொல்கிறது. அந்த அழுகையை நான் இதுவரை மனந்திரும்புதலின் கண்ணீர் என்று மட்டுமே பிரசங்கித்திருக்கிறேன். நெடுநாள் மூடிக்கிடந்த ஒன்று தங்கள் பாஷையில் திறக்கப்பட்டதன் கண்ணீரும் அதில் இருந்திருக்கக்கூடும் என்று இப்போது தோன்றுகிறது.

அதே சிறையிருப்பின் காலத்தைச் சேர்ந்த வேறொரு செய்தி எஸ்றாவின் புத்தகத்தில் இரண்டாம் அதிகாரத்தில் உண்டு. ஆசாரியரின் புத்திரரில் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடுகிறார்கள். அதில் தங்கள் பெயரைக் காணவில்லை. அதனால் ஆசாரிய ஊழியத்துக்கு விலக்கமானார்கள்.  ஒரு பதிவேடு வாசிக்கப்படாமற்போவதால் மனிதருக்கு எவ்வளவு நேர்கிறது பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் காத்திருந்த அந்தத் தாயாரும் அப்படி ஒருவராகத்தான் ஆகியிருப்பார்.

மறுநாள் அவர் வந்தார். அவருடைய பதிவு கிடைத்துவிட்டது: 1953ஆம் ஆண்டு. சான்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அவர் எழாமல், திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பெயருக்கு அடுத்த வரியில், அதே நாளில், அதே தகப்பன் பெயரோடு இன்னொரு பிள்ளையின் பெயர் இருந்தது. “எங்க அண்ணன் ஐயா. ஏழு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். போட்டோகூடக் கிடையாது. அவன் பேரு இங்க இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது அம்மா என்றேன். திரையில் அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தார். அந்தப் பிள்ளை இந்த உலகில் வாழ்ந்ததற்கு, அந்தத் தாயாரின் நினைவைத் தவிர எஞ்சியிருந்த ஒரே சாட்சி அந்த ஒரு வரிதான். அதைத்தான் நான் பழைய இரும்புக்குப் போட இருந்தேன்.

எல்லாம் மீண்டுவிட்டன என்று சொல்லி முடித்தால் அது உண்மையாகாது. சில பக்கங்களில் கரையான் தம்பிக்கு முந்திக்கொண்டுவிட்டது. அந்த இடங்களில் அவர் கேள்விக்குறி மட்டும் இட்டு வைத்திருக்கிறார். அவை இனி நிரம்பமாட்டா. காலந்தாழ்த்தினால் கேள்விக்குறிகள் கூடும் என்பதை அவை எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அன்பானவர்களே, அந்த வாரத்தின் இறுதியில் இன்னொரு எண்ணம் என்னை உறுத்தத் தொடங்கிற்று. நானும் ஐம்பதுகளில் இருக்கிறேன். இந்தச் சேகரத்தில் நெடுநாள் இருந்துவிட்டேன். மாற்றலோ ஓய்வோ தொலைவில் இல்லை. ஒவ்வொரு மாற்றலின்போதும் சாவிகளையும் கணக்குப் புத்தகங்களையும் எண்ணிக் கையொப்பமிட்டு அடுத்த ஆயரிடம் ஒப்படைக்கிறோம். ஆனால் என் தலைக்குள் மட்டும் இருப்பவை எத்தனை! வீட்டிலேயே திருவிருந்து பெறவேண்டிய படுக்கையாளிகள் யார் யார், எந்த விதவைக்கு மாதந்தோறும் யார் அரிசி அனுப்புகிறார்கள், எந்த இரு சகோதரர்களின் சுவர்த் தகராறு பேச்சுவார்த்தையின் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலையில் பெயர்ப்பலகை இல்லாத குழி யாருடையது? இவற்றுக்காக எத்தனையோ பேர் என்னை நம்பியிருக்கிறார்கள். நம்பியிருப்பது அவர்களுக்கே தெரியாது. நானும் ஒரு பழைய நூலகம். என்னை விலக்கும் நாள் அறிவிக்கப்பட்டாயிற்று; தேதி மட்டுமே குறிக்கப்படவில்லை.

அது எனக்குத் துக்கமாயில்லை. பெர்க்லி டிபியின் கதை அந்தப் பயத்தைச் சற்றுக் குறைத்தது. நல்ல வேலை செய்த ஒன்றை விலக்குவது அதற்கு அவமானமல்ல. அதற்குள் இருந்தவை அதனோடு புதைந்துபோனால் அதுவே அவமானம். அந்த அவமானமும் அதன் பொறுப்பாளரையே சாரும். எனவே இப்போது ஞாயிறு மாலைகளில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்து எழுதிவருகிறேன். பெயரை மட்டும் எழுதாமல், அந்தப் பெயர் ஏன் அங்கே இருக்கிறது என்பதையும் எழுதுகிறேன். அர்த்தம் இல்லாத துண்டுகள் அடுத்தவருக்கு உதவமாட்டா என்பதைப் பட்டறிந்தேன் அல்லவா? எழுதக் கூடாதவையும் உண்டு. என் காதில் மட்டும் சொல்லப்பட்டவை என்னோடேயே போகட்டும். அவற்றை வாசிக்க அறிந்தவர் ஒருவர் இருக்கிறார்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் உங்களுக்கு மட்டுமே தெரிந்தவை எவை? நிலப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, வங்கிக் கணக்குகள் எத்தனை, யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும், தாத்தாவின் அப்பா எந்த ஊரிலிருந்து வந்தார், பழைய புகைப்படத்தில் இடப்புறம் நிற்பவர் யார் என்பவற்றையெல்லாம் உங்கள் பிள்ளைகள் அறிவார்களா? உங்கள் அலுவலகத்தில், உங்கள் சங்கத்தில், நீங்கள் இல்லாத மறுநாள் எது நின்றுபோகும்? நன்றாகத்தானே ஓடுகிறது என்ற வார்த்தை உங்கள் நாவிலும் இருக்குமானால், தயவுசெய்து என்னை நினைத்துக்கொள்ளுங்கள். அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிற இந்த வாரத்திலேயே ஒரு பக்கமாவது எழுதத் தொடங்குங்கள். உங்களுக்கு அப்படி எச்சரித்துச் சொல்லும் இளையவர் ஒருவர் இருப்பாரானால், அவர் கூச்சப்பட்டு மௌனமாகும்படி விடாதீர்கள். நீங்களே அவரை அழைத்துக் கேளுங்கள்.

ஜெபிப்போம்: எங்கள் பெயர்களை அறிந்திருக்கிற பிதாவே, எங்களிடம் ஒப்புவிக்கப்பட்டவைகளை எங்களோடு புதைத்துவிடாதபடி எங்களைக் காத்தருளும். விட்டுக்கொடுக்கவேண்டிய வேளையில் பிடிவாதமின்றி விட்டுக்கொடுக்கவும், விடும்முன் உள்ளதை உள்ளபடி ஒப்படைக்கவும் கிருபை தாரும். கேள்விக்குறிகளாய் நின்றுவிட்ட பெயர்களையும் நீர் அறிவீர். ஆமென்.

அடுத்த வாரம் சந்திப்போம். கர்த்தர் உங்களோடு இருப்பாராக.